ஏற்றத்தில் எஞ்சின் விடும் மூச்சு



கொழும்பிலே கார் வாங்கப் போகிறவர், “எவ்வளவு வேகம் ஓடும்?” என்று கேட்கக்கூடும். ஊவாவிலே அந்தக் கேள்வி எழுவதில்லை. பதுளையானாலும் பண்டாரவளையானாலும், “ஏற்றத்தில் இழுக்குமா?” என்பதே முதற் கேள்வி. கேட்பவர் யந்திர சாஸ்திரம் படித்தவர் அல்லர். ஆயினும் அவர் கேட்டதுதான் சரியான கேள்வி.

விற்பனைத் தாளில் அச்சிட்டிருக்கும் குதிரைச் சக்தி, எஞ்சின் நிமிடத்திற்கு ஐயாயிரம் ஆறாயிரம் முறை சுழலும்போது அளந்தது. பெரகலைச் சந்தியிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறுகின்ற காரில் ஐந்து பேர் இருந்தால், வளைவுக்கு வளைவு எஞ்சின் சுழற்சி இரண்டாயிரத்துக்கு இறங்கிவிடுகிறது. அந்த இரண்டாயிரத்தில் எஞ்சின் எவ்வளவு இழுக்கிறது என்பதை விற்பனைத் தாளைப் பார்த்து அறிய முடியாது.

எஞ்சின் இழுப்பதற்கு வேண்டியது காற்று. பெற்றோலை எவ்வளவும் ஊற்றலாம். அதனை எரிக்கக் காற்று வேண்டுமே! பதுளை நகரம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹப்புத்தளையோ 1400 மீற்றருக்கும் மேல். அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் உள்ளதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத சாதாரணப் பெற்றோல் எஞ்சின், கரையோரத்தில் காட்டிய வலிமையில் ஏழில் ஒரு பங்கு அளவை மலையுச்சியில் இழந்து நிற்கும். ஆகவே, கிடைக்கிற காற்றையாவது முழுமையாக உள்ளே வாங்கும் வழி எது என்பதே மலைநாட்டு வண்டிக்கு உரிய பிரச்சினை.

காற்று எஞ்சினுக்குள் செல்லும் வழியாக அமைந்த குழாய்த் தொகுதியை ‘இன்டேக் மெனிபோல்ட்’ என்பார்கள். சிலிண்டருக்கு ஒரு கிளையாக, விரித்த கை விரல்களைப் போல் அது பிரிந்து செல்லும். எஞ்சின் நிமிடத்திற்கு 2000 முறை சுழன்றால், ஒவ்வொரு சிலிண்டரின் உள்வால்வும் 1000 முறை திறந்து மூடுகிறது. அதாவது வினாடிக்குப் பதினாறு, பதினேழு தடவை. விரைந்து வந்த காற்றின் முகத்தில் வால்வு மூடியதும், பின்னால் வந்த காற்று முன்னதன்மேல் மோதி நெருங்குகிறது. அந்த நெருக்கம் ஓர் அலையாகிக் குழாய் வழியே ஒலியின் வேகத்தில், வினாடிக்குச் சுமார் 340 மீற்றர் வீதம், பின்னோக்கி ஓடுகிறது. மறுமுனையில் பட்டுத் திரும்புகிறது. அரை மீற்றர்க் குழாயில் போய் வர ஒரு வினாடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு நேரம் போதும். இப்படிப் பலமுறை போய் வந்து, மீண்டும் வால்வு திறந்திருக்கும் நேரத்தில் நெருக்கமான அலை வாசலுக்கு வந்து சேர்ந்தால், பிஸ்டன் இழுப்பதற்கு மேலும் சிறிது காற்று தானாகவே உள்ளே தள்ளப்படும். நேரம் தவறினாலோ அதே அலை காற்றைத் தடுத்துவிடும்.

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நாயனம் கேட்ட நேயர்களுக்கு இது புதிதன்று. திமிரி நாயனம் குட்டையானது. அதன் சுருதி உயர்ந்தது. பாரி நாயனம் நெடியது. அதன் சுருதி தாழ்ந்தது. குழாயின் நீளத்திற்கும் அதனுள் காற்று அசைகிற கதிக்கும் உள்ள உறவு எஞ்சினிலும் மாறுவதில்லை. மெதுவாகச் சுழல்கையில் நெடுங்குழாய் பொருந்தும். விரைந்து சுழல்கையில் குறுங்குழாய் பொருந்தும்.

அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் 1960இல் வெளியிட்ட ‘300-எப்’ என்னும் காரில் இதனை வெளிப்படையாகக் காணலாம். அதன் உட்குழாய்கள் 30 அங்குல நீளம். 375 குதிரைச் சக்தி. இழுவையின் உச்சம் 2800 சுழற்சியில் வந்தது. குழாய்களை 15 அங்குலமாகச் செயற்படச் செய்த மற்றொரு வகையில் சக்தி 400ஆக ஏறிற்று. ஆனால் இழுவையின் உச்சமோ அளவில் குறைந்ததோடு 3600 சுழற்சிக்குத் தள்ளிப் போயிற்று. நெடுஞ்சாலைக்காரர் இரண்டாவதை விரும்புவார். ஹல்துமுல்லை ஏற்றத்தில் நிற்பவர் முதலாவதைக் கொடு என்பார்.

இரண்டையும் ஒரே எஞ்சினில் வைத்தால் என்ன? 1991இல் பிரான்ஸ் நாட்டு லெமான் பந்தயத்தில் வென்ற மஸ்டா காரின் குழாய்கள், ஓடும்போதே நீண்டு சுருங்கும்படி அமைந்தவை. வீதியில் ஓடும் கார்களுக்கு அவ்வளவு தேவையில்லை. குழாயினுள் ஒரு மடல். அது மூடியிருந்தால் காற்று நெடுவழியே சுற்றி வரும், நாலாயிரம் ஐயாயிரம் சுழற்சியில் அது திறந்துகொண்டால் குறுக்குவழி. ஜப்பானிய கார்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு உண்டு. மடலை அசைப்பது பெரும்பாலும் எஞ்சினின் வெற்றிட இழுப்பு. அதைக் கொண்டு செல்வது விரல் பருமனும் இல்லாத ஒரு றப்பர்க் குழாய். மலைச் சுவாசத்தில் இழந்த காற்றை இந்த மடல் படைத்துத் தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருப்பதை உரிய வேளையில் சேர்க்கும், அவ்வளவே.

அந்த றப்பர்க் குழாயை நான் அறிய நேர்ந்தது 2012ஆம் ஆண்டு ஐப்பசி மழையில். கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேற்கணக்கில் ஒரு பெண்ணுக்குப் பேறு வலி. பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல என் பழைய காரைக் கேட்டார்கள். அவளோடு தாயும் கணவனும் அயல் வீட்டுப் பெண் ஒருத்தியும் ஏறினர். பெரகலை வரை ஒருவாறு வந்தோம். அப்பால் கார் முதலாம் கியரிலும் திணறியது, எஞ்சின் நடுங்கியது. தாய் முன்னால் குனிந்து, “தம்பி, வண்டி ஏறிருமா?” என்றாள். “ஏறும் அம்மா” என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை. கணவனும் அயற்பெண்ணும் இறங்கி, செங்குத்தான இடங்களில் மழையில் நடந்து வந்தார்கள். ஹப்புத்தளையைத் தாண்டும்வரை அப்படித்தான். வைத்தியசாலையில் விடியுமுன் ஆண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

மறுநாள் எஞ்சின் மூடியைத் திறந்தேன். முந்திய மாதம் ஒரு கராஜில் வேலை பார்த்த கையோடு, மடலுக்குச் செல்லும் குழாயை மீண்டும் சரியாகப் பொருத்தாமல் விட்டிருந்தார்கள். அது வெடித்தும் இருந்தது. என் காரின் அமைப்பில் வெற்றிடம் இல்லையேல் மடல் திறந்தபடியே கிடக்கும். ஏற்றத்துக்கு வேண்டிய நெடுவழி அடைபட்டதோடு, வெடிப்பின் வழியே கணக்கில்லாக் காற்றும் புகுந்து பெற்றோல் கலவையைக் கெடுத்திருந்தது. சமவெளியில் ஓடும் சாரதி இதனை மாதக்கணக்கில் உணர மாட்டார். வண்டி புறப்படும், ஓடும், வேகமும் பிடிக்கும்.

மலையேறும் வண்டிக்காரர்கள் கராஜிலிருந்து வண்டியை எடுக்குமுன் அந்தச் சிறு குழாயை விரலால் தடவிப் பார்க்கலாம். எஞ்சின் ஓடும்போது ‘உஸ்’ என்ற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்கலாம். எனக்குப் புதுக் குழாய் பதுளைக் கடையொன்றில் சொற்ப விலைக்குக் கிடைத்தது. அடுத்த வாரம் தாயையும் சேயையும் தோட்டத்தில் பார்த்துவிட்டு, அதே நால்வரை ஏற்றிக்கொண்டு பெரகலையிலிருந்து ஏறினேன். இரண்டாம் கியரிலேயே ஹப்புத்தளை வந்து சேர்ந்தது.