பெயரின் விகுதியும் பெறும் இடமும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர்களும் பேராசிரியர்களும் நின்று பேசிய மேடை இது. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வேயில் எழுத்தராகக் கோப்புகளோடு உறவாடி வருபவன் நான். சங்கத்தின் இணையதளத்தைக் கவனித்துக்கொள்ளும் பணியைச் செயற்குழு என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. அந்த ஒரு தகுதியே என்னை இங்கே நிறுத்தியிருக்கிறது.

சென்ற பொதுக்குழுவில் ஒரு கேள்வி எழுந்ததை நீங்கள் அறிவீர்கள். நம் தளத்தின் பெயர் 'டாட் ஆர்க்' என்று முடிகிறது. அதை விடுத்து, புதிதாக வந்துள்ள விலையுயர்ந்த முடிவு ஒன்றை வாங்கினால் கூகுளில் நம் சங்கம் முதலிடத்தில் வந்து நிற்கும் என்று ஒரு விற்பனையாளர் உறுதி கூறினார். அவர் கேட்ட தொகையோ, நம் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓராண்டுக்குப் பாடநூல் வாங்கும் செலவுக்குக் குறைந்ததன்று. சந்தாப் பணம் உங்கள் பணம். ஆதலின், அதைச் செலவிடுமுன், பெயரின் முடிவுக்கும் தேடுபொறி தரும் இடத்துக்கும் உள்ள உறவு யாது என்பதை ஆராய்வது நம் கடமையாகும்.

தமிழ் இலக்கணம் பயின்றவர்க்கு இஃது எளிதில் விளங்கும். 'வந்தான்' என்னும் சொல்லில் 'வா' என்பது பகுதி; 'ஆன்' என்பது விகுதி. வந்தவன் ஓர் ஆண்மகன், ஒருவன் என்பதை விகுதி சொல்லிவிடுகிறது. ஆனால், அவன் நல்லவனா தீயவனா, கற்றவனா கல்லாதவனா என்பதை அது சொல்வதில்லை. அதை அறிய அவனோடு பழகித்தான் பார்க்கவேண்டும். இணையப் பெயரிலும் அப்படியே. புள்ளிக்கு முன் நிற்பது பகுதி; பின் நிற்பது விகுதி.

இவ்விகுதிகள் தோன்றிய வரலாறு நெடியதன்று. 1985ஆம் ஆண்டில் காம், ஆர்க், நெட், எடு, கவ், மில் எனச் சிலவே இருந்தன. வணிகத்துக்குக் காம், கல்விக்கு எடு, அமெரிக்க அரசுக்குக் கவ், அந்நாட்டுப் படைக்கு மில் என்பது ஏற்பாடு. ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டெழுத்து விகுதி ஒன்று உண்டு. இந்தியாவுக்குரிய 'டாட் இன்' 1989இல் ஏற்பட்டது. பின்னர், பெயர்களை ஒழுங்கு செய்யும் ஐகான் என்னும் அமைப்பு 2012இல் புதிய விகுதிகளுக்கு விண்ணப்பம் கோரியது. 2013 முதல் அவை ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஷாப், ஆன்லைன், சைட் என ஆயிரத்துக்கு மேற்பட்ட விகுதிகள் இவ்வாறு பெருகின. நம் தமிழெழுத்திலேயே 'இந்தியா', 'இலங்கை', 'சிங்கப்பூர்' என்னும் விகுதிகள் இருப்பது நாம் மகிழத்தக்கது.

நிற்க. தேடுபொறி ஒரு தளத்துக்கு இடமளிப்பது எங்ஙனம்? முதலில் அது தளங்களிலுள்ள பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போகிறது, படித்தவற்றை அட்டவணைப்படுத்துகிறது, நாம் கேட்கும்போது, கேள்விக்குப் பொருத்தமானவற்றைத் தரம் பார்த்து வரிசைப்படுத்துகிறது. கூகுளைத் தோற்றுவித்த லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வுரையில் ஓர் அரிய கருத்தைக் கூறினர். ஒரு பக்கத்தைச் சுட்டி வேறு பக்கங்கள் இணைப்புக் கொடுத்தால், அதை ஒரு சான்றாகக் கொள்ளலாம். சான்று கூறுவோர் மதிப்புடையவராயின் அச்சான்றின் மதிப்பும் மிகும் என்பதே அக்கருத்து. ஊரில் நாலு பெரியவர்கள் ஒருவரை நல்லவர் என்றால் நாமும் நம்புகிறோம் அல்லவா? அது போன்றது. இன்று கூகுள் கணக்கிற்கொள்ளும் காரணங்கள் பலவாகப் பெருகிவிட்டன. எனினும், பக்கத்தில் உள்ள செய்தியும் பிறர் கூறும் சான்றும் இன்றும் கணக்கிற் கொள்ளப்படுகின்றன.

அவற்றுள் விகுதிக்கு இடமுண்டா? 2015 ஜூலைத் திங்களில் கூகுள் நிறுவனமே இதற்கு வெளிப்படையாக விடையளித்தது. புதிய விகுதிகளையும் காம், ஆர்க் போன்ற பழைய விகுதிகளையும் ஒன்றாகவே கருதுவதாகவும், விகுதியில் உள்ள சொல்லால் ஒரு தளத்துக்கு ஏற்றமும் இல்லை, தாழ்வும் இல்லை என்றும் அது அறிவித்தது. ஆங்கிலமல்லாத எழுத்துகளில் அமைந்த விகுதிகளையும் அவ்வாறே நடத்துவதாகக் கூறியது. எனவே, தமிழில் பெயர் வைத்தால் தேடுபொறி ஒதுக்கிவிடும் என்னும் அச்சமும் வேண்டுவதில்லை. அதற்கு ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 2012 செப்டம்பரில், மக்கள் தேடும் சொல்லையே பெயராகச் சூட்டிக்கொண்டு உள்ளே சரக்கில்லாமல் இருந்த தளங்களைக் கூகுள் கீழே இறக்கியது. நம் தொழிலைக்கொண்டு சொல்வதாயின், பெயர்ப்பலகையில் 'ஜங்ஷன்' என்று எழுதிவிட்டால் நான்கு திசையிலிருந்தும் தண்டவாளம் வந்து கூடிவிடாது!

இதற்கு ஒரு விலக்கு உண்டு. நாட்டு விகுதி, அத்தளம் எந்நாட்டாருக்கு உரியது என்பதற்கு ஓர் அடையாளமாகிறது. 'டாட் இன்' என்று முடியும் தளம் இந்தியாவில் இருந்து தேடுவோர்க்கு ஏற்றது என்று தேடுபொறி கொள்கிறது. இதிலும் சில நாட்டு விகுதிகள் நாட்டை மறந்து பொதுவாகிவிட்டன. 'டிவி' என்பது பசிபிக் பெருங்கடலில் உள்ள துவாலு என்னும் சிறு தீவு நாட்டினுடையது, 'கோ' கொலம்பியாவினுடையது, 'எம்இ' மான்டிநீக்ரோவினுடையது. உலகெங்கும் உள்ளவர்கள் வாங்கிப் பயன்படுத்துவதால் இவற்றைக் கூகுள் பொது விகுதிகளாகவே கருதுகிறது. கூகுளே தன் நாட்டுவாரிப் பெயர்களைக் கைவிட்டு, எல்லோரையும் 'கூகுள் டாட் காம்' என்னும் ஒரே வாயிலுக்கு அனுப்பப் போவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது. எந்த முகவரியில் நுழைந்தாலும் இருக்கும் இடத்தை அறிந்து அவ்விடத்துக்கேற்ற விடையைத் தருவதால், விகுதி தேவையில்லை என்பது அது கூறிய காரணம்.

அப்படியாயின் விகுதியால் ஒரு பயனுமே இல்லையோ என்று ஐயுறலாம். உண்டு. ஆனால் அது வரிசையில் முந்துவதற்கான பயன் அன்று, வாயிற்காவலின் பயன். இளைஞர்களும் தாய்மார்களும் இப்பகுதியைச் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டுகிறேன்.

விகுதிகள் இருவகை. ஒரு வகையை யார் வேண்டுமானாலும் பணம் கட்டி வாங்கலாம். காம், நெட், இன், கோ டாட் இன் ஆகியவை இவ்வகை. தொண்டு நிறுவனங்களுக்கே உரியது என்று பலரும் எண்ணும் 'ஆர்க்' என்பதும் இவ்வகையே! மற்றொரு வகைக்கு உரிமைச் சான்று வேண்டும். 'கவ் டாட் இன்' அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே வழங்கப்படும். 'ஏசி டாட் இன்' கல்வி நிறுவனங்களுக்கு உரியது. இந்திய ரிசர்வ் வங்கி 2025ஆம் ஆண்டில், வங்கிகள் யாவும் 'பேங்க் டாட் இன்' என்னும் தனி விகுதிக்கு அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாளுக்குள் மாறவேண்டும் என்று ஆணையிட்டது. வங்கியின் பெயரால் போலித் தளம் அமைத்து மக்களை ஏமாற்றுவதைத் தடுப்பதே இதன் நோக்கம்.

நம் காலனியில் இரயில்வே வேலைக்கு விண்ணப்பிக்காத வீடு உண்டா? பிள்ளைகள் கைபேசியில் தேடுகிறார்கள். முதலில் வருவதைத் தொடுகிறார்கள். முதலில் வருவது விளம்பரமாகவும் இருக்கலாம். பணம் கொடுத்தவர் அங்கே நிற்கிறார். நாட்டிலுள்ள 21 இரயில்வே பணியாளர் தேர்வு வாரியங்களின் தளங்களுள் பெரும்பாலானவையும், அவற்றுக்கு விண்ணப்பம் பெறும் தளமும் 'கவ் டாட் இன்' என்று முடிவன. அவ்வாரியத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு விகுதியில் வந்து பணம் கேட்கும் தளத்தை, அது முதலிடத்தில் நின்றாலும் நம்பாதீர்கள்.

விகுதியைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. வஞ்சகர் 'கவ்', 'இன்' என்னும் சொற்களைப் பெயரின் நடுவில் செருகிவிட்டு, இறுதியில் வேறொன்றை வைப்பர். முகவரியின் தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோடு வரை படியுங்கள். அக்கோட்டை ஒட்டி இடப்புறம் நிற்பதே உண்மையான விகுதி, மற்றவை ஒப்பனை. ஆனால் விகுதி ஒன்றையே நம்பியிருப்பதும் போதாது. நாம் பயணச்சீட்டு எடுக்கும் ஐஆர்சிடிசி தளம் 'கோ டாட் இன்' என்று முடிகிறது. அது உண்மையான தளமே; எனினும் அவ்விகுதி யார்க்கும் கிடைப்பது. ஆகவே அதுபோன்ற இடங்களில் முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாகப் பார்த்தல் வேண்டும்.

இனி, நம் சங்கத்துக்கு வருகிறேன். என் கருத்துகள் மூன்று.

முதலாவது, இருக்கும் பெயரை மாற்ற வேண்டுவதில்லை. மாற்றினால் பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் வேலை உண்டு. அதை முறையாகச் செய்யாவிடில், இதுவரை பிறர் நமக்குக் கூறிய சான்றுகள் வீணாகும்.

இரண்டாவது, ஆண்டுதோறும் பெயரைத் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். காலாவதியான பெயரை வேறொருவர் வாங்கி, பழைய நன்மதிப்பின் நிழலில் சூதாட்டம் போன்ற தளங்களை நடத்துவது உலகில் நடந்து வருவதே. 2024 மார்ச்சில் கூகுள் இதனை ஒரு முறைகேடு என்றே தன் விதிகளில் சேர்த்தது. நம் பாட்டனாரும் தந்தையாரும் வளர்த்த சங்கத்தின் பெயரில் சூதாட்டக் கடை நடக்க நாம் இடங்கொடுக்கலாமா?

மூன்றாவதே தலையாயது. விகுதிக்குக் கொடுக்க இருந்த பணத்தில் பிள்ளைகளுக்குப் பாடநூல் வாங்குவோம். நம் உழைப்பைத் தளத்தின் உள்ளடக்கத்துக்குத் தருவோம். தமிழ் வகுப்பு எந்நாள், எந்நேரம் என்பதும், பொங்கல் விழா நிகழ்ச்சி நிரலும், இவ்வூருக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பம் அறியவேண்டிய பள்ளி, மருத்துவமனை, கடை விவரங்களும், நம் பழைய ஆண்டு மலர்களும் அதில் இடம்பெறட்டும். புதிதாக மாற்றலாகி வருபவர் தம் ஊரில் இருந்தே இவ்வூரில் தமிழர் உண்டா என்று தேடுவார். அவருக்கு வேண்டிய விடை நம்மிடம் இருந்தால் தேடுபொறி அவரை நம்மிடம் அனுப்பும். விடை இல்லையேல் எந்த விகுதியும் அனுப்பாது. அண்டை ஊர்ச் சங்கங்கள் நம் தளத்துக்கு இணைப்புத் தரட்டும். நாமும் அவர்களுக்குத் தருவோம். அவையே நாம் தேடவேண்டிய சான்றுகள்.

இவற்றைச் செயற்குழு ஆராய்ந்து முடிவு செய்யட்டும்.