மூலப்படத்தைக் காப்போம்

(ஆண்டு விழாவில் மலர்க் குழுவினர் சார்பில் நிகழ்த்திய பேச்சு)



கணினியில் நிழற்படங்களைத் திருத்தவும் மலருக்குரிய பக்கங்களை அமைக்கவும் மலர்க் குழுவினராகிய நாங்கள் சில ஆண்டுகளாகக் கற்று வருகிறோம். கற்றதைக் கூறுமுன், நாங்கள் இழைத்த பிழை ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நம் சங்கத்தின் முதற் பொங்கல் விழாவில் எடுத்த குழுப்படத்தை நீங்கள் அறிவீர்கள். சென்ற ஆண்டு அன்பர் ஒருவர் தம் வீட்டுச் சுவரிலிருந்து அதனை இறக்கித் தந்தார். ஸ்கேனரில் படியெடுத்துக்கொண்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தோம். பின்னர்க் கறையை அகற்றினோம், கீறலை மறைத்தோம், மங்கியிருந்த வலப்பக்க ஓரத்தை வெட்டினோம், பக்கத்திற்கேற்பச் சிறிதாக்கி, அதே பெயரில் சேமித்தோம். படம் பளிச்சென்று அமைந்தது, பாராட்டும் பெற்றோம்.

மலர் வெளியான மறுநாள், நம் காலனியின் மூத்த அம்மையார் ஒருவர் எங்களை அழைத்து, “ஓரத்தில் கரண்டியோடு நின்ற சமையற்காரர் எங்கே? அன்று அத்தனை பேருக்கும் பொங்கல் வைத்தவர் அவரல்லவா?” என்று வினவினார். எங்களிடம் விடையில்லை. பழைய கோப்பின்மேல் புதியது எழுதப்பட்டுவிட்டது. படம் தந்த அன்பரோ அதற்குள் பணிமாற்றம் பெற்று வேறூர் சென்றிருந்தார். வழியில் மழைநீர் பட்டு அப்படம் கண்ணாடியோடு ஒட்டிப் பாழாயிற்று. அந்தச் சமையற்காரரின் வேறு படம் நம்மவர் எவரிடமும் இல்லை.

இதற்கு மென்பொருளைக் குறை கூறுவதற்கில்லை. தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர்கள் ஆக்கிய ஃபோட்டோஷாப், அடோபி நிறுவனத்தின் வாயிலாக 1990இல் வெளிவந்தது. 1994இல் வந்த மூன்றாம் பதிப்பிலேயே ‘லேயர்’ என்னும் அடுக்கு முறை அமைந்துவிட்டது. படத்தின்மேல் கண்ணாடித் தாளை விரித்து அதன்மேல் வண்ணம் தீட்டுவது போன்றது அது. தாளை எடுத்துவிட்டால் அடியிலுள்ள படம் பழுதின்றி இருக்கும். சந்தா செலுத்த இயலாதவர்களுக்கு, 1996இல் முதன்முதல் வெளியான கிம்ப் என்னும் மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது; அதிலும் இம்முறை உண்டு. ஆகவே எங்கள் பிழைக்குக் காரணம் பொருளின்மை அன்று, பொறுமையின்மையே.

இப்பிழையின் பின் நாங்கள் கைக்கொண்ட நெறிகளைச் சுருங்கச் சொல்லுகிறோம். உங்கள் வீட்டுப் படங்களுக்கும் இவை பொருந்தும்.

முதலாவது, மூலக் கோப்பைத் தொடலாகாது. அதனைப் படியெடுத்து, வேறு பெயரிட்டு, அப்படியிலேயே வேலை செய்ய வேண்டும். ஜேபெக் என்னும் கோப்பு வகை, இடத்தைச் சிக்கனப்படுத்துவதற்காக நுட்பங்கள் சிலவற்றை விட்டுவிடுவது. திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் படம் மேலும் நலிவுறும். பழம்படங்களை டிஃப் வகையில் வைத்துக்கொள்வது நன்று.

இரண்டாவது, அளவறிதல். அச்சிற்கு ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது பொதுவழக்கு. ஆறங்குல அகலமும் நான்கங்குல உயரமும் உள்ள படத்திற்கு 1800க்கு 1200 புள்ளிகள் தேவை. கைப்பேசித் திரையில் அழகாய்த் தோன்றும் படம் அச்சில் மங்குவது இதனாலேதான். வாட்ஸப்பில் வழக்கம்போல் அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

மூன்றாவது, தமிழெழுத்து. பழைய எழுத்துருக்களில் தட்டிய கட்டுரை மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாய் மாறிவிடும். ஒருங்குறியில் எழுதினால் அவ்விடர் இல்லை. எனினும் வடிவமைப்பு மென்பொருளில் தென்னாசிய மொழிகளுக்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிடில், ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் பெயர்ந்து நிற்பதுண்டு. அச்சுக்கு அனுப்புமுன் தமிழறிந்த கண்கள் ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும்.

நான்காவது, மூன்று படிகள். ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்டு டிஸ்கில், ஒன்று வேறொருவர் இல்லத்தில். கோப்பின் பெயரில் ஆண்டும் நிகழ்ச்சியும் இருத்தல் வேண்டும்.

அன்பர்களே! ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்குப் பூர்விக வீட்டின் திண்ணையும் இல்லை, ஊர்க்கோயிலின் கல்வெட்டும் இல்லை. நாம் இங்கு கூடி வாழ்ந்ததற்குச் சான்று இப்படங்களே. ஆதலால் ஞாயிறுதோறும் காலையில் உங்கள் பழம்படங்களைச் சங்கக் கட்டடத்திற்குக் கொண்டு வாருங்கள். உங்கள் கண்முன்னேயே படியெடுத்துத் திருப்பித் தருவோம். படத்தில் உள்ளோர் யார் யாரென்று முதியோர் சொல்ல, இளைஞர்கள் எழுதிக்கொள்ளட்டும். நடுவில் அமர்ந்தவரை மட்டுமன்று, ஓரத்தில் நின்றவரையும் எழுதிக்கொள்ளட்டும்.

அந்தச் சமையற்காரரின் பெயரை அம்மையாரிடம் கேட்டறிந்து, இவ்வாண்டு மலரில் அக்குழுப்படத்தின்கீழ் அச்சிட்டிருக்கிறோம். உருவத்தை இழந்தோம், பெயரையேனும் காத்தோம். எங்கள் பிழையைப் பொறுத்தருள வேண்டுகிறோம்.