கடல் கடந்து ஒரு விடுமுறை



பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கால அட்டவணை போட்டவன் நான். எந்த வகுப்புக்கு எந்த மணி, எந்த ஆசிரியருக்கு எந்த ஓய்வு நேரம் என்று கட்டம் கட்டமாகக் கோடிழுத்து நிரப்புவது என் கைக்குப் பழகிய வேலை. ஆகவே, பணியினின்றும் ஓய்வு பெற்ற பின்னர், என் மனைவியும் நானும் முதன்முறையாகக் கடல் கடந்து ஒரு நாட்டைக் கண்டு வரலாம் என்று முடிவு செய்தபோது, பயணத் திட்டம் வகுப்பதில் எனக்கு ஒரு குறையும் நேராது என்றே எண்ணினேன். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதையும், அப்பிழையினின்றும் நான் கற்றுக்கொண்டவை யாவை என்பதையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். உங்களுள் பலர் நாளை பொருளீட்டி, பெற்றோரையோ நண்பரையோ அழைத்துக்கொண்டு தொலைதேசம் செல்வீர்கள். அப்பொழுது இது உங்களுக்குப் பயன்படக்கூடும்.

நாங்கள் தேர்ந்தெடுத்த நாடு இந்தோனேசியா. பூகோளப் பாடத்தில் அதன் எரிமலைகளைப் பற்றியும், வரலாற்றுப் பாடத்தில் 1025-ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரன் ஸ்ரீவிஜயத்தின்மீது செலுத்திய கடற்படையைப் பற்றியும் ஆண்டுதோறும் பேசியவன் நான். பேசிய நாட்டை ஒருமுறையேனும் கண்ணால் காண வேண்டும் என்பது நெடுநாளைய ஆசை. எங்கள் கையிலிருந்த பொருள் ஒரு பயணத்துக்கே போதுமானது. என் மனைவியின் முழங்கால்களும் இன்னும் பல ஆண்டுகளுக்கு இடங்கொடுக்கும் என்று சொல்வதற்கில்லை. எனவே, இந்த ஒரு பயணம் பழுதுபடலாகாது என்ற கவலை இருவருக்கும் இருந்தது.

தாளை எடுத்தேன், கோடுகளை இழுத்தேன். பன்னிரண்டு நாட்களில் ஏழு இடங்கள். முதலில், ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088-ஆம் ஆண்டில் பொறித்த தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்த பாரூஸ். இது சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ளது. பின்னர் ஜாவாவில் ஜகார்த்தா, பாண்டுங், யோக்யகர்த்தா, புரோமோ எரிமலை. அதன்பின் பாலித் தீவு. இறுதியில் பெரும்பல்லிகள் வாழும் கொமோடோ. கட்டங்கள் யாவும் நிரம்பின. மிகுந்த மனநிறைவோடு தாளை மனைவியிடம் நீட்டினேன். அவள் பொறுமையாகப் படித்துவிட்டு, "இதில் உட்காருவதற்கென்று ஒரு மணி நேரமாவது இருக்கிறதா?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை.

அன்றிரவு நில வரைபடத்தை விரித்துவைத்து, மாணவனைப் போலக் கணக்கிடத் தொடங்கினேன். இந்தோனேசியாவில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் உள்ளன. மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனைவரை ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகம். ஜாவா ஒன்று மட்டுமே ஏறக்குறைய நம் தமிழ்நாட்டின் பரப்பளவு உடையது. அதில் 15 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம் இல்லை. மூன்று நேரங்கள் வழங்குகின்றன. ஜாவாவின் நேரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி முந்தியது. பாலியின் நேரம் இரண்டரை மணி முந்தியது. படத்தில் ஒரு விரற்கடையாகத் தோன்றும் இடைவெளி, பயணத்தில் ஒரு நாளாக நீண்டுவிடும்.

ஒரு சான்று கூறுகிறேன். யோக்யகர்த்தாவிலிருந்து பாலிக்கு விமானம் பறப்பது ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவே. ஆனால் விமான நிலையம் நகரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். கடிகாரத்தில் ஒரு மணி கழிந்துவிடும். இறங்கிய பின்னர் நெரிசல் மிகுந்த சாலையில் செல்ல வேண்டும். காலை எட்டு மணிக்கு ஓர் அறையைப் பூட்டிப் புறப்பட்டால், அடுத்த அறையின் கதவைத் திறக்க மாலையாகிவிடும். இதையே இரயிலில் சென்றால், ஜாவாவின் கிழக்கு முனைக்கு ஏறக்குறைய அரை நாள். அங்கிருந்து பாலி நீரிணையைப் படகில் கடக்க முக்கால் மணி முதல் ஒரு மணி. அதன்பின் பல மணி நேரச் சாலைப் பயணம். செலவு குறைவு, காட்சி மிகுதி. எனினும், ஒரு முழு நாள் அதற்கே போய்விடும்.

என் திட்டத்தில் இத்தகைய இடமாற்றங்கள் ஆறு இருந்தன. வரும் நாள், திரும்பும் நாள் இரண்டையும் கழித்து, இடமாற்றங்களுக்கு உரிய பொழுதையும் கழித்தால், பன்னிரண்டு நாட்களில் நாட்டைக் காண்பதற்கு எஞ்சியவை நான்கைந்து நாட்களே. அதுவும் நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நாட்டில் பகல் ஆண்டு முழுவதும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரந்தான். மாலை ஆறு மணியையொட்டிக் கதிரவன் மறைந்தால் விரைவில் இருள் சூழ்ந்துவிடும். நண்பர்களே, இடங்களின் எண்ணிக்கையைக் கொண்டு பயணத்தை அளவிடாதீர்கள். ஓரிடத்தைக் கூட்டுவதற்கு முன், அதை அடைவதற்கு எத்தனை பகற்பொழுது செலவாகும் என்று எழுதிப் பாருங்கள். அந்த விலையைக் கொடுக்கச் சம்மதமானால் மட்டும் அதைச் சேருங்கள்.

நான் ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினேன். கொமோடோ போயிற்று. விடியற்குளிரில் மலையேற வேண்டிய புரோமோ, முழங்கால்களை நினைத்துப் போயிற்று. ஜகார்த்தாவும் பாண்டுங்கும் போயின. பாரூஸை அடிக்கும்பொழுது மட்டும் பேனா சற்றே தயங்கியது. தமிழ் வணிகர் கால்பதித்த துறைமுகத்தைக் காணாமல் திரும்புவதா என்று மனம் வருந்தியது. ஆயினும், அதன் பொருட்டு மற்ற அனைத்தையும் அவசர அவசரமாகப் பார்க்க நேரிடும் என்பது கணக்கிலே தெளிவாகத் தெரிந்தது. அதையும் அடித்தேன். எஞ்சியவை மூன்று: யோக்யகர்த்தாவில் நான்கு இரவுகள், பாலியின் நடுப்பகுதியிலுள்ள உபுத் என்னும் ஊரில் நான்கு இரவுகள், கடற்கரையிலுள்ள சானூரில் மூன்று இரவுகள். ஜாவாவில் இறங்கி, பாலியிலிருந்து தாயகம் திரும்புவதென்று முடிவு செய்தோம். வந்த வழியே மீளும் வீண் அலைச்சலும் இதனால் நீங்கியது. மூன்று ஊர்களிலும் ஒவ்வொரு நாளை எதுவும் எழுதாமல் வெறுமையாக விடவேண்டும் என்பது என் மனைவியின் நிபந்தனை. வெற்றுக் கட்டத்தைக் கண்டால் நிரப்பத் துடிக்கும் என் கைக்கு அது கடினமாகவே இருந்தது.

அடுத்த பிழை பருவத்தைப் பற்றியது. ஓய்வு பெற்ற பின்னும் என் மனம் பள்ளி நாட்காட்டியை விட்டு விலகவில்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் விடுமுறை என்ற பழக்கத்தால், டிசம்பர் மாதத்தையே குறித்திருந்தேன். ஜாவாவும் பாலியும் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ளவை. ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே மழைக்காலம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை உலர்காலம். மழையளவுப் படத்தை எத்தனையோ மாணவர்களை வரையச் செய்தவன், தன் பயணத்துக்கு அப்படத்தைப் பார்க்க மறந்தேன்! பிரம்பானான் கோயிலருகே நடைபெறும் இராமாயண நாட்டியம், உலர்காலத்திலேதான் திறந்தவெளி அரங்கில் நிகழ்கிறது. மழைக்காலத்தில் மண்டபத்துக்குள் சென்றுவிடும். பருவத்தை அறியாதவன் நாட்டின் ஒரு பாதியை இழக்கிறான். நாங்கள் பயணத்தை ஜூன் மாதத்துக்கு மாற்றினோம். உங்கள் கோடை விடுமுறையும் அங்கே உலர்காலத்தில் வருவது நற்பேறு.

பருவத்தோடு அந்நாட்டு மக்களின் பண்டிகைகளையும் பாருங்கள். நோன்புப் பெருநாளையொட்டி ஜாவாவில் கோடிக்கணக்கான மக்கள் சொந்த ஊர் செல்வதால், இரயிலிலும் பேருந்திலும் இடம் கிடைப்பது அரிது. பாலியில் சக ஆண்டைப் பின்பற்றும் புத்தாண்டு நாளாகிய 'ஞெப்பி' பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வரும். அன்று ஒரு நாள் முழுவதும் தீவே மௌனம் காக்கும். தெருவில் நடமாட்டம் இல்லை. விளக்கொளி வெளியே தெரிவதில்லை. விமான நிலையமும் மூடப்படும். பயணிகளும் தங்குமிடத்தை விட்டு வெளிவரலாகாது. இதை முன்பே அறிந்து சென்றவனுக்கு அது ஓர் அரிய அனுபவம். அன்று விமானம் ஏறலாம் என்று நினைத்துச் சென்றவனுக்கோ பெருந்துன்பம்.

இத்தனை திருத்தியும் ஒரு பிழை எஞ்சியிருந்தது. யோக்யகர்த்தாவுக்கு வடமேற்கே நாற்பது கிலோமீட்டர் தொலைவில் பொரோபுதூர் என்னும் பெரும் பௌத்தச் சின்னம் உள்ளது. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் சைலேந்திரர் காலத்தில் எழுந்தது; ஒன்பது அடுக்குகளும் 504 புத்தர் சிலைகளும் 2,672 புடைப்புச் சிற்பப் பலகைகளும் கொண்டது. கற்கள் தேயாமல் காப்பதற்காக, மேலே ஏறிப் பார்ப்போரின் எண்ணிக்கைக்கு இப்போது வரம்பு வைத்துள்ளனர். அதற்குத் தனிச் சீட்டை முன்கூட்டியே பெற வேண்டும். வளாகச் சீட்டே போதும் என்று நான் எண்ணிவிட்டேன். இரண்டாம் நாள் காலை அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தோம். ஏறுவதற்கு வழியில்லை. குற்றம் முழுவதும் என்னுடையது. என் மனைவி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவள் பேசாதிருந்ததே எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

மாலையில் அறைக்குத் திரும்பியதும் அட்டவணையை எடுத்தேன். நான்காம் நாளின் கட்டம் வெறுமையாக இருந்தது. அந்த நாளுக்கு ஏறும் சீட்டு இரண்டு கிடைத்தன. கோரைப்புல் போன்ற நாரால் முடைந்த, அங்கே கொடுக்கும் மிதியடிகளை அணிந்துகொண்டு மீண்டும் சென்றோம். படிகள் செங்குத்தானவை. என் மனைவி முதல் சுற்றுப் பாதையோடு நின்றுகொண்டாள். நான் உச்சிவரை சென்று, துளையிட்ட தூபிகளையும் அப்பாலுள்ள மலைகளையும் கண்டு இறங்கினேன். அவளோ, பாய் விரித்த ஒரு கப்பலின் சிற்பத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள். "நீங்கள் பாரூஸ் பாரூஸ் என்று ஏங்கினீர்களே, கடலோடிகளின் கப்பல் இங்கேயே இருக்கிறது, பாருங்கள்" என்றாள். அவள் வெறுமையாக விடச்சொன்ன அந்த ஒரு கட்டம் இல்லாதிருந்தால், இருவருமே அதைக் கண்டிருக்க மாட்டோம்.

ஆதலால், முன்பதிவைப் பற்றி நான் கூறுவது இது. வரம்புள்ளவற்றை முன்னரே உறுதி செய்யுங்கள்: விமானம், நெடுந்தூர இரயில், தங்குமிடம், எண்ணிக்கைக் கட்டுப்பாடு உள்ள இடங்கள். மற்றவற்றைத் திறந்தே வையுங்கள். இயற்கையும் நம் அட்டவணையைக் கேட்டு நடப்பதில்லை. 2017 நவம்பர் இறுதியில் பாலியின் ஆகுங் எரிமலை சாம்பலைக் கக்கியபோது, விமான நிலையம் நாட்கணக்கில் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் காத்திருக்க நேர்ந்தது. திரும்பிய மறுநாளே தேர்வோ பணியோ இருக்குமாறு திட்டமிடாதீர்கள்.

இனி, சிறு குறிப்புகள் சில. கடவுச்சீட்டு, அந்நாட்டில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். அந்நாட்டு நாணயமாகிய ரூபியாவில் சுழியங்கள் மிகுதி; ஒரு லட்சம் ரூபியா நோட்டு நம் சில நூறு ரூபாய்க்குத்தான் சமம். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். கொடுக்குமுன் சுழியங்களை எண்ணுங்கள். பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: முன்பே செலுத்தியது, அன்றாடச் செலவுக்கானது, தொடாமல் வைத்திருப்பது. குழாய் நீரைக் குடிக்காதீர்கள். டெங்குக் கொசு பகலிலேயே கடிக்கும். பாலியில் 2008 முதல் வெறிநாய்க்கடி நோய் உண்டு. நாயோ குரங்கோ கடித்தாலும் கீறினாலும், உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். இளைஞர்களுக்கு ஒன்று: அங்கும் நம் நாட்டைப் போலவே சாலையின் இடப்புறமே செல்கின்றனர், அதை நம்பி, உரிய பன்னாட்டு உரிமமும் தலைக்கவசமும் இல்லாமல் வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைகொடாது.

உபுத்தில் எங்கள் வெறுமையான நாளை நாங்கள் தங்கியிருந்த வீட்டின் திண்ணையிலேயே கழித்தோம். எதிரே படிப்படியாக வயல்கள். 'சுபாக்' என்னும் உழவர் சங்கங்கள், மேல்வயலுக்கும் கீழ்வயலுக்கும் நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையை அங்கே பல நூற்றாண்டுகளாகக் காத்து வருகின்றன. 2012-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. ஒரு மடையைத் திறந்தும் அடைத்தும் ஒரு முதியவர் நெடுநேரம் வேலை செய்துகொண்டிருந்தார். தண்ணீர் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு இறங்குவதை நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். என் முதல் திட்டத்தின்படி அந்நேரம் நான் ஏதேனும் ஒரு விமான நிலையத்தில் வரிசையில் நின்றிருப்பேன்.

உங்கள் முதல் பயணத்துக்கு நீங்களும் அட்டவணை போடுங்கள்; போடாமல் போகாதீர்கள். போட்ட பின்னர், உங்களோடு வருபவரிடம் அதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்விக்கு மதிப்புக் கொடுங்கள்.