நாமும் வந்தவர்கள்தான்

(சபையின் ஆண்டு நிறைவு விழாவில் ஓய்வுபெற்ற மூத்த அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரை)



ஓய்வுபெற்றவர் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தால் அது திரும்பி வராது என்று செயலாளர் பயப்படுகிறார். பயப்பட வேண்டாம், சீக்கிரம் முடித்துவிடுவேன்.

முதலில் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. இந்த ரெய்னர்ஸ் லேனின் சொந்தக்காரர் யார்?

இங்கே தனியாகக் குடிசை போட்டு ஆடு மேய்த்த ரெய்னர் என்பவரின் பெயர்தான் இந்த ஒழுங்கைக்கு வந்தது என்று சொல்வார்கள். 1906இல் ஒரு சிறிய ரயில் தரிப்பிடம் திறந்தபோது சுற்றிவர வயல்வெளிதான். குளிர்காற்றுக்கு ஒரு மறைப்பும் இல்லாததால் அதை 'நிமோனியாச் சந்தி' என்று கேலி செய்தார்களாம். 1930களில்தான் வீடுகள் வரிசையாக எழும்பின. 1933இல் பிக்கடில்லி ரயிலும் வந்தது. ஆகவே அந்நாளில் இந்த வீடுகளில் குடியேறிய ஆங்கிலேயரும் பெட்டி படுக்கையோடு வேறு இடத்திலிருந்து வந்தவர்கள்தான்.

யானைத் தும்பிக்கை போல முகப்புள்ள கட்டடம் ஒன்று இங்கே இருக்கிறதல்லவா? 1936இல் அது சினிமாக் கொட்டகை. இன்று சொராஸ்திரிய சமயத்தவரின் நிலையம். அவர்களில் பார்சிகள் என்பவர்கள், பல நூற்றாண்டுகளுக்கு முன் பாரசீகத்தை விட்டு அடைக்கலம் தேடிக் குஜராத்துக்கு வந்தவர்களின் சந்ததி. அதன் பிறகு நாமும் இங்கே வந்தோம்.

நாம் ஏன் வந்தோம்? 1983 யூலையில் கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. என்னை இரண்டு இரவு தன் வீட்டில் ஒளித்து வைத்தது ஒரு சிங்களக் குடும்பம். அதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். பிறகு அகதி முகாம், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறை. 1985 மார்கழியில் லண்டன் வந்து ஒரு வாடகை அறையில் இறங்கினேன். அந்த அறையில் 50 பென்ஸ் நாணயம் போட்டால்தான் கணப்படுப்பு எரியும். எனக்கு அது தெரியாது, என்னிடம் நாணயமும் இல்லை. கீழ் அறையில் இருந்த அயர்லாந்து நாட்டு முதியவர் மேலே வந்து, தன் நாணயத்தைப் போட்டு அடுப்பை மூட்டிவிட்டுப் போனார். அவரும் ஒரு நாள் வந்தவர்தானே.

இன்னொன்றையும் பிள்ளைகள் அறிய வேண்டும். 1987இல் அடைக்கலம் கேட்டு வந்தவர்களை ஹாரிச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய பயணிகள் கப்பலில் அரசாங்கம் தடுத்து வைத்தது. அவர்களில் பலர் நம் தமிழ்ப் பிள்ளைகள். அந்த ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி விடியுமுன் அடித்த பெரும் புயலில் கப்பல் கட்டறுந்து மணல்திட்டில் போய்த் தட்டியது. 36 ஆண்டுகள் கழித்து, 2023இல், போர்ட்லண்ட் துறைமுகத்தில் 'பிபி ஸ்டொக்ஹோம்' என்ற மிதவையில் வேறு நாட்டு அகதிகளைக் கொண்டுபோய் வைத்தார்கள். 2024 ஓகஸ்டில் அகதிகள் தங்கியிருந்த ஹோட்டல்களைக் கும்பல்கள் தாக்கின. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஆனால் அதைவிட அதிகமாக என்னை நோகச் செய்தது ஒரு சொல். "இவையள் எல்லாம் உண்மையான அகதிகளோ? இனி ஒருத்தரையும் விடக்கூடாது" என்று நம்மவர் சிலரே தேநீர் குடித்துக்கொண்டு பேசுகிறார்கள். 1987இல் நம்மைப் பார்த்துக் கேட்கப்பட்ட அதே கேள்விதான் இது! நாட்டுக்குச் சட்டம் வேண்டும், விசாரணை வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. விசாரிப்பது அரசாங்கத்தின் வேலை. இழிவாகப் பேசுவது நம்முடைய வேலை அல்ல. நாம் ஏறி வந்த ஏணியை உதைத்துத் தள்ளலாமா? குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்குப் போனவர்களை யார் விசாரித்தார்கள்? பரதேசியை நேசிக்கும்படி இஸ்ரவேலுக்குச் சொன்ன உபாகமம் 10ஆம் அதிகாரம், அதற்குக் காட்டும் காரணமும் இதுதான்: அவர்களும் ஒருகாலம் அந்நிய தேசத்தில் பரதேசிகளாக இருந்தவர்கள்.

பிள்ளைகளே, உங்கள் வகுப்புக்கு ஆங்கிலம் தெரியாத ஒரு பிள்ளை வந்தால், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் போய் இருங்கள். பேச்சு வராவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் "நீங்கள் எப்படி இங்கே வந்தீர்கள்?" என்று தமிழிலேயே கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இப்போது கேட்காவிட்டால் பிறகு கேட்க ஆள் இராது.

என்னைப் போல் ஓய்வுபெற்றவர்களே, நம்மிடம் நேரம் இருக்கிறது. படிவம் நிரப்பவும், வைத்தியரிடம் பெயர் பதியவும், பள்ளிக்கூடத்தில் இடம் கேட்கவும் இந்த நாட்டில் 40 வருடம் பழகியிருக்கிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை இந்த மண்டபத்தில் இரண்டு மேசை போட்டு உட்காருவோம். எந்த மொழிக்காரர் வந்தாலும், எந்தச் சமயத்தவர் வந்தாலும் உதவுவோம். வர விரும்புகிறவர்கள் இன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் என்னிடம் பெயர் தாருங்கள். பேனாவும் கொப்பியும் கொண்டு வந்திருக்கிறேன்.

இம்மட்டும் நம்மை நடத்திய தேவன் இனிமேலும் நடத்துவாராக.