வினவுவோரும் விடையளிப்போரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், நுட்ப உதவிக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



நருமதை பாயும் இந்த ஜபல்பூரில் படைக்கலத் தொழிற்சாலைகளிலும் இரயில்வேயிலும் உழைத்து ஓய்வு பெற்ற தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களில் வாழ, முதியோர் இருவராகவோ தனியராகவோ இங்கே தங்கிவிட்டனர். அவர்களுக்கு இன்று ஓய்வூதியமும் வங்கியும் இரயில் பயணச்சீட்டும் ஒரு கைப்பேசிக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அக்கைப்பேசி ஒரு சொல் பிணங்கினால் யாரைக் கேட்பது? இவ்வினாவிலிருந்தே எங்கள் குழு பிறந்தது.

2016ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள் இரவு, ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய்த் தாள்கள் இனிச் செல்லா என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஞாயிறன்றே நம் நூலக அறையில் ஒரு மேசை இட்டோம். கைப்பேசி வழியே பணம் செலுத்துவது எங்ஙனம் என்று கேட்டு வந்தோர்க்கு நம் இளைஞர் இருவர் பொறுமையோடு விளக்கினர். ஒரு திங்களில் ஓயும் என்று எண்ணிய பணி ஓயவில்லை. ஒரு மேசை மூன்றாயிற்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மேசைகள் மறைந்தன. தொலைபேசி ஓயாது ஒலித்தது. உறுப்பினரல்லாதாரும் கேட்டனர், கன்னடரும் வங்காளியரும் கேட்டனர். எவரையும் நாங்கள் மறுத்ததில்லை.

வளர்ச்சி கண்டு மகிழ்ந்தோம். அதனோடு வந்த இடரை உணர்ந்தோமில்லை. ஒரே வினா ஒரு நாளில் பத்து முறை வந்தது. பத்து முறையும் ஒருவரே விடை கூறினார். பதினோராம் முறை அவர் குரலில் சலிப்புத் தோன்றியது. சில திங்களில் அவர் வருவதையே நிறுத்திவிட்டார். அவரிடம் அன்பு குறையவில்லை. எங்களிடம் ஒழுங்கு இல்லை.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழக மாணவராய் இருந்த டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்னும் இருவர், கணிப்பொறிகளைத் தொலைபேசிக் கம்பி வழியே இணைத்துச் செய்தி பரிமாறும் முறை ஒன்றை எண்ணினர். யூஸ்நெட் என்பது அதன் பெயர். வினவுவோரும் விடையளிப்போரும் அங்கே பெருகினர். எந்த வினா எங்கே உரியது என்பதே விளங்காத நிலை வந்தது. ஆகவே 1987ஆம் ஆண்டில் குழுக்களையெல்லாம் ஏழு பெரும் பிரிவுகளாக வகுத்துப் பெயரிட்டனர். கணிப்பொறிக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று என்று இவ்வாறு அமைந்தது அவ்வகுப்பு. அடிக்கடி எழும் வினாக்களையும் அவற்றின் விடைகளையும் ஒரே ஏட்டில் தொகுத்து, புதியவர் எவரும் முதலில் அதனைப் படிக்குமாறு செய்தனர். ஆண்டுதோறும் செப்டம்பரில் புதிய மாணவர் வந்து குழப்புவர். சில வாரங்களில் முறை அறிந்து அடங்குவர். 1993ஆம் ஆண்டு செப்டம்பருக்குப் பின்னரோ புதியோர் வரவு நிற்கவே இல்லை. அதனை முடிவிலாச் செப்டம்பர் என்றே பழையவர்கள் அழைத்தனர்.

மற்றொரு சான்றும் உண்டு. 2008ஆம் ஆண்டில் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் மென்பொருள் எழுதுவோர்க்காக ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்னும் வினாவிடைக் களத்தை நிறுவினர். நல்ல விடைக்கு வாக்களித்து அதனை மேலே உயர்த்துவர். முன்பே விடை கண்ட வினா மீண்டும் வந்தால் பழைய விடையைச் சுட்டி அதனை மூடிவிடுவர். ஒழுங்கு சிறந்தது. ஆயினும் புதியவர் பலர் அங்கே செல்ல அஞ்சினர். புதியோரை வரவேற்பதில் தாம் குறைபட்டோம் என்று 2018ஆம் ஆண்டில் அந்நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அன்பில்லாத ஒழுங்கும் ஒழுங்கில்லாத அன்பும் ஒன்றுபோலவே தோற்கும் என்பதற்கு இவ்விரண்டும் சான்றாகும்.

இனி எங்கள் தவறு ஒன்றை இப்பேரவையில் மறையாது கூற விரும்புகிறோம்.

மைய அரசின் ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பரில் தாம் உயிரோடிருப்பதற்குச் சான்று அளித்தல் வேண்டும். இதனை வீட்டிலிருந்தே அளிக்க 2014ஆம் ஆண்டில் ஜீவன் பிரமாண் என்னும் முறை வந்தது. விரல் ரேகையைப் பதிய ஒரு சிறு கருவி அதற்கு வேண்டியிருந்தது. 2018இல் எங்கள் குறிப்பேட்டில் அவ்வாறே எழுதி வைத்தோம். எழுதிய நாளைக் குறிக்கவில்லை. 2021ஆம் ஆண்டு நவம்பரில் முகத்தைக் கைப்பேசியில் காட்டியே சான்றளிக்கும் வழி பிறந்தது. எங்கள் ஏடு அதனை அறியவில்லை.

2022இல் கணவரை இழந்த ஓர் அம்மையார் எங்களை அழைத்தார். உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகையே இல்லை. கருவி ஏற்க மறுத்தது. எம்முள் ஒருவர் பழைய ஏட்டைப் படித்து, "நேரில் செல்வதைத் தவிர வேறு வழியில்லை, அம்மா" என்றார். படியிறங்கவும் இயலாத அவர் எங்ஙனம் செல்வார்? சான்று செல்லவில்லை, குடும்ப ஓய்வூதியம் நின்றது. மூன்று திங்கள் அண்டை வீட்டார் அரிசி கொடுத்திருக்கின்றனர். பிப்ரவரியில் வேறொரு செய்திக்காக அவர் வீட்டுக்குச் சென்ற நம் இளைஞர் ஒருவர் இதனை அறிந்து, அங்கேயே அமர்ந்து, சில நிமிடங்களில் முகம் காட்டிச் சான்றளிக்கச் செய்தார். நின்ற தொகை பின்னர் வந்தது. ஆயின் அம்மூன்று திங்களை யார் திருப்பித் தருவார்? சரியான விடை நம் இளைஞர்களிடமே இருந்தது; அவைக்கு அது தெரியவில்லை. ஒருவர் அறிந்தது அனைவர்க்கும் உரியதாகாவிடில் அறிஞர் நூறு பேர் கூடியும் பயனில்லை.

அன்றிலிருந்து சில முறைகளை வகுத்துக்கொண்டோம். ஓய்வூதியம், வங்கி, பயணம், தமிழ்த் தட்டச்சு என வினாக்களை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரை அமர்த்தினோம். விடை எதுவாயினும் எழுதிய நாளோடு ஏட்டில் ஏறும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஏடு முழுவதையும் படித்துப் பழையனவற்றை நீக்குவோம். ஏட்டில் உள்ள விடையாயினும் வினவுவோர்க்கு நாங்களே படித்துக் காட்டுவோம், "படித்துப் பார்த்தீரா?" என்று எவரையும் கடியமாட்டோம். வங்கி அனுப்பும் இரகசிய எண்ணை நாங்கள் கேட்கவும் மாட்டோம். நீங்கள் கூறினாலும் செவிமடுக்கமாட்டோம். எங்கள் பெயர் சொல்லி எவரேனும் கேட்டால் அவர் வஞ்சகர் என்று அறிக. பணம் பறிபோனால் எங்களைத் தேடிக் காலம் கழிக்காமல், உடனே 1930 என்னும் அரசின் எண்ணை அழையுங்கள்.

உங்களிடம் வேண்டுவன இரண்டே. வினவும்போது திரையில் தோன்றிய சொற்களை உள்ளவாறே எழுதிக் கொணருங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் கூறினால் மருத்துவரிடம் "உடம்பு சரியில்லை" என்று கூறி நிறுத்துவதை ஒக்கும். விடை பெற்றபின் ஒரு ஞாயிறு எங்கள் மேசையருகே வந்து அமருங்கள். நீங்கள் நேற்றுக் கற்றதை இன்று வருபவர்க்குச் சொல்ல உம்மினும் தகுந்தவர் இல்லை. அவர் இடறும் இடம் உமக்கே நன்கு தெரியும்.

அவ்வம்மையார் இப்போது அதைத்தான் செய்கிறார். கடந்த நவம்பரில் தம் தெருவின் முதியோர் நால்வர்க்குத் தம் வீட்டிலேயே முகம் காட்டும் முறையைக் கற்பித்தார். எங்கள் ஏட்டில் அப்பக்கத்தின் அடியில் உள்ள நாள் அவர் கைப்பட எழுதியது.