நண்டு மேல் பழி போடாதீர்கள்

பழவேற்காட்டுக் குப்பங்களில் ஆம்பிளைகளுக்கு நீர் எரிந்தால் முதலில் இளநீர், அப்புறம் ஊறவைத்த வெந்தயம். நாளெல்லாம் வெயிலில் வலை இழுப்பவர் தண்ணீர் குடிக்காவிட்டால் நீர் கடுக்கத்தான் செய்யும். ஆனால் சீழ் வடிந்தால்? இடுப்பளவு ஏரித் தண்ணீரில் நின்று இறால் பிடித்ததால் சீழ் வராதய்யா.

நான் ஆய்வகத்துக்காரன். மைக்ராஸ்கோப் பேச்சை எடுத்தால் இந்த நிகழ்ச்சியில் கடிகாரத்தைக் காட்டுவார்கள், காட்டட்டும். ஒரு சொட்டுச் சீழைக் கண்ணாடியில் தடவிச் சாயம் ஏற்றிப் பார்த்தால், சீழணுக்களுக்கு உள்ளேயே, முகம் பார்த்து ஒட்டிய இரண்டு காப்பிக்கொட்டைகள் போல ஜோடி ஜோடியாகச் சிவந்து கிடக்கும். வெட்டை நோயின் கிருமி அது. 1879-இல் அதைக் கண்டுபிடித்த ஜெர்மன் மருத்துவர் நைசருக்கு அப்போது வயது 24!

சில கண்ணாடிகளில் சீழணு நிறைய இருக்கும், ஜோடி மட்டும் இருக்காது. அங்கேதான் எனக்குச் சுவாரசியம். அப்போது வேறு கிருமிகளைத் தேட வேண்டும். கிளமிடியா இந்தச் சாயத்தில் தெரியாது. மைக்கோப்ளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது, சாயம் எதைப் பிடிக்கும்? எல்லாமே பெரும்பாலும் ஆணுறை இல்லாத உறவில் தொற்றுபவை. வெட்டை இரண்டு முதல் ஐந்து நாளில் காட்டிக்கொடுக்கும். கிளமிடியா ஒன்று முதல் மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் போன இடம் மறந்து, நேற்றுத் தின்ற நண்டு மேல் பழி விழும்.

காசிமேட்டுப் படகில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர், மாத்திரையில் சீழ் நின்று, மறுபடி அதே சீழோடு வந்து நின்றார். "மாத்திரை போலி சார்" என்று சண்டை. வீட்டில் எப்படி என்றேன். "அவளுக்கு ஒண்ணுமே இல்லையே!" பெண்கள் பலருக்கு அறிகுறியே இருக்காது, நேயர்களே. இவர் கொடுத்ததை இவரே திரும்ப வாங்கியிருக்கிறார். ஆலோசகர் பக்குவமாகப் பேசிய பிறகு அந்த அம்மா நாத்தனாரோடு வந்தார். இருவரும் ஒரே நாளில் மருந்து எடுத்து, ஒரு வாரம் விலகி இருந்தார்கள். அதோடு நின்றது.

கடிகாரம் முறைக்கிறது. கடையில் கேட்டு மாத்திரை விழுங்காமல் பொன்னேரி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சந்தேகத்துக்கு 1097 என்ற எண்ணை அழையுங்கள், கட்டணமில்லை. பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே சிறுநீர் கழிக்காதீர்கள், கழித்தால் எனக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது! வரும்போது வீட்டம்மாவையும் கூட்டி வாருங்கள்.