புகையிலையும் தாம்பூலத் தட்டும்

போர்ச்சுகீசியர் கொணர்ந்த புகையிலை, திண்டுக்கல்லிலும் வேதாரண்யத்திலும் வேரூன்றிற்று. யாழ்ப்பாணத்தில் விளைந்தது திருவிதாங்கூருக்குக் கப்பலேறிற்று. கடுகினும் சிறிய விதையை நாற்றங்காலில் தூவி, நாற்றெடுத்து நட்டு, நுனி கிள்ளி, பக்கக் கிளைகளை ஒடித்தால் இலை தடித்துக் காரமேறும்.

போடிமெட்டு ஏறிச் சாந்தன்பாறை ஏலக்காட்டுக்கு வந்த நம் முன்னோர், மழைக்காலத்தில் புகையிலையை ஊறவைத்துக் காலிற் பூசி அட்டைகளை விரட்டினர். அட்டையும் அஞ்சும் அந்நஞ்சையே நாம் வாயில் அடக்கினோம். எம்முடன் பணியாற்றிய நண்பரொருவரை வாய்ப்புற்று கொண்டு சென்றது.

தாம்பூலம் தொன்மையான மரபு. புகையிலையோ அதிற் பிந்தி நுழைந்தது. இனி நம் இல்லத் திருமணத் தட்டுகளில் வெற்றிலை, மஞ்சள், பூ, பழம் விளங்கட்டும், புகையிலை வேண்டா. இதுவே நம் வேண்டுகோள்.